தந்தியின் உயரமும் நாதத்தின் தூய்மையும்

மடிமீது கிடத்தி, தந்திகளின் மேல் உருக்குத் துண்டொன்றை வழுக்கி வாசிக்கப்படும் ஹவாய்க் கித்தாரின் நாதம் தமிழர் செவிக்கு அந்நியமானதன்று. நம் கோட்டுவாத்தியமும் மெட்டுகள் இன்றி, கட்டையொன்றைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கப்படுவதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவினரான ஜோசப் கெகுகு இம்முறையைப் பரப்பினார். 1940களில் கல்கத்தாவில் வாழ்ந்த தாவ் மோ என்னும் கலைஞரால் இந்தியாவில் இதன்பால் ஆர்வம் வளர்ந்தது. விசுவமோகன் பட் இதே வழியில் அமைத்த மோகன வீணை 1994இல் கிராமி விருது வரை சென்றது.

இத்தகைய பழைய கருவியொன்று வீட்டில் கிடைக்கப்பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது தந்தியின் உயரமாகும். சாதாரணக் கித்தாரில் விரல் தந்தியை மெட்டின்மேல் அழுத்த வேண்டும். ஆகவே தந்தி தாழ்ந்திருப்பதே நலம். மடிக் கித்தாரிலோ மெட்டுகள் வெறும் இட அடையாளங்களே. உருக்குத் துண்டு அவற்றைத் தொட்டால் கடகடவென்ற ஓசை எழும். ஆதலால் தந்திகள் பலகையினின்று ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்றல் வேண்டும்.

உயரம் மட்டும் போதாது. ஆறு தந்திகளின் மேற்புறமும் ஒரே மட்டத்தில் அமைதல் வேண்டும். நேரான அடிமட்டம் ஒன்றைத் தந்திகளின் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு தந்திக்கும் அடிமட்டத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியின், அத்தந்தி தாழ்ந்துள்ளது. உருக்குத் துண்டு அதனைச் சரிவரத் தொடாது, வாசிப்பவர் அழுத்துவார், அழுத்தினால் சுருதி ஏறிவிடும். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே துண்டைத் தன் எடையளவில் மட்டும் கிடத்தி மீட்டுக. வெறுந்தந்தியின் சுருதிக்கு ஒரு தாயி மேலான சுரம் பிசகின்றி ஒலித்தல் வேண்டும்.

சாதாரணமாகச் செய்யப்பட்ட கித்தாரை மடிக் கித்தாராக மாற்ற, கழுத்தின் தலைப்பில் தந்திகள் ஏறிச் செல்லும் சிறு தாங்கியின்மேல் பொருந்தும் உலோகத் தாங்கியொன்று கடைகளில் விற்கப்படுகின்றது. பழைய தாங்கியை அகற்றவோ அறுக்கவோ தேவையில்லை. தந்திகளைத் தளர்த்தி அதனை மேலே பொருத்தி மீண்டும் முறுக்கினால், தந்திகளின் இழுவையே அதைப் பிடித்துக்கொள்ளும். தாங்கியின் பள்ளங்கள் ஆழமாயிருத்தல் கூடாது. தந்தியின் மேற்பாதி வெளியே நின்றால்தான் துண்டு அதன்மேல் சீராகப் படியும்.

குதிரையை அளவுக்கு மீறி உயர்த்தற்க. தந்திகள் முகப்பலகையினின்று உயர உயரக் குதிரையை முன்னோக்கிச் சாய்க்கும் விசையும் பெருகும். நாட்பட்ட மெல்லிய பலகை அதனால் வெடிக்கவும் கூடும். ஆகவே தலைப்பக்கத்தை உயர்த்துவதே பாதுகாப்பான வழி. மின்சாரக் கருவியாயின், ஒலிவாங்கிக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியையும் நோக்குக. 1932இல் விற்பனைக்கு வந்த இரிக்கன்பேக்கர் கருவியில் குதிரைலாட வடிவக் காந்தங்கள் தந்திகளைச் சூழ்ந்து நிற்பதால், மேலே உயர்த்துவதற்கும் எல்லையுண்டு.

திம்புள்ள மலைநாட்டில் மற்றொரு காரணமும் சேருகின்றது. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை பெய்யுங்கால், மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். முகப்பலகை மேலெழுந்து குதிரையையும் தந்திகளையும் உயர்த்தும். நல்ல தேயிலை கிடைக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் அதே பலகை சுருங்கித் தாழும். ஆதலின் மழைக்காலத்தில் எடுத்த அளவை நிரந்தரமென்று கொண்டு குதிரையைச் செதுக்குதல் தகாது. இரு பருவங்களிலும் அளந்து குறித்து வைத்துப் பின்னரே முடிவு செய்க.

ஏனெனில் பழைய கருவியில் சேர்த்த பொருளை என்றும் கழற்றிவிடலாம். செதுக்கிய மரம் மீண்டும் வளராது. தாத்தாவின் கித்தாரைப் பேரன் கையில் வைக்க விரும்பும் குடும்பத்தார், உளியைத் தூர வைத்து, அடிமட்டத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொள்வாராக.