ஒரு தசைநோயின் மூதாதையர்

பெரும்பாலும் ஐம்பது வயதையொட்டி இமைகளைத் தளரச் செய்து, விழுங்குவதையும் கடினமாக்கும் கண்-தொண்டைத் தசைச்சிதைவு என்னும் பரம்பரை நோய், கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு வழியினரிடையே ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவரைப் பாதிக்கிறது. தொங்கும் இமைக்கடியில் பார்வையைச் செலுத்த நோயாளி நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்னே சாய்த்துக்கொள்வார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் கத்தோலிக்கத் தேவாலயங்கள் விடாமல் பதிந்துவைத்த ஏடுகளின் துணையால், நரம்பியல் மருத்துவர் ஆந்த்ரே பார்போ இக்குடும்பங்களின் வேரை 1634இல் பிரான்சிலிருந்து குடியேறிய ஒரு தம்பதியரிடம் கண்டதாக 1960களில் அறிவித்தார். குடியேறிய சிலரே ஒரு பெரிய சமூகத்தின் மூதாதையராகும்போது, அவர்களிடமிருந்த அரிய மரபணுப் பிழையும் அச்சமூகத்தில் பெருகிவிடுவதை 'நிறுவனர் விளைவு' என்பர்.

1998இல் அப்பிழையே கண்டறியப்பட்டது: பதினான்காம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில், அலனைன் என்னும் அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்துக் குறியீடு வழக்கமாகப் பத்து முறை அடுத்தடுத்து வரும்; நோயாளிகளிடமோ அது 11 முதல் 18 முறை வரை நீள்கிறது. இப்பிழையைச் சூழ்ந்த டிஎன்ஏ பகுதி, குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் தலைமுறைதோறும் குறுகிவருவதால், நோயாளிகளிடையே பொதுவாக எஞ்சியிருக்கும் நீளத்தைக் கொண்டு மூதாதையரின் காலத்தை ஆய்வாளர் கணிக்கின்றனர். இந்நோய் மிகுந்து காணப்படும், மத்திய ஆசிய வழியினரான புகாரா யூதர்களின் வரலாற்றை ஆராயவும் இம்முறையே கைகொடுத்தது.