தானாக ஓடும் வீடியோ கேம் பொம்மை: கன்ட்ரோலரை தூக்கி எறிய வேண்டாம், ரேடியோ மெக்கானிக்கே சரி செய்யலாம்

சென்னை,

வீடியோ கேம் ஆடும்போது கையை எடுத்த பிறகும் திரையில் உள்ள ஆள் தானாக நடந்து போய் சுவரில் முட்டுகிறானா? கார் ஒரு பக்கமாகவே இழுக்கிறதா? பையன்தான் உடைத்துவிட்டான் என்று திட்ட வேண்டாம். பழைய ரேடியோவில் வால்யூமை திருகினால் `கர கர' என்று சத்தம் வருமே, அதே கோளாறுதான் இது.

இதற்கு `டிரிப்ட்' என்று பெயர். பிளே ஸ்டேஷன் 5 கருவிக்கு ஒரிஜினல் கன்ட்ரோலர் வாங்க 5 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. கூலி வேலைக்கு போகிறவருக்கு அது பல நாள் சம்பளம். மணிக்கணக்கில் காசு வாங்கி கேம் சென்டர் நடத்துபவருக்கோ, ஒரு கன்ட்ரோலர் படுத்துவிட்டால் ஒரு சீட் காலி. ஆனால் கெட்டுப்போவது முழு கன்ட்ரோலரும் அல்ல. உள்ளே இருக்கும் விரல் நுனி அளவு பார்ட்ஸ் ஒன்றுதான்.

கரிப்பட்டையில் தேய்மானம்

கட்டை விரலால் அசைக்கும் `ஸ்டிக்'கின் அடியில் சின்ன பெட்டி இருக்கும். அதன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு `பொட்டன்ஷியோ மீட்டர்' ஒட்டிக்கொண்டு இருக்கும். ரேடியோ மெக்கானிக்குகள் `வால்யூம் கண்ட்ரோல்' என்று சொல்லும் அதே சாமான்தான். ஒன்று இடது, வலது அசைவை பார்க்கும். மற்றொன்று மேல், கீழ் அசைவை பார்க்கும்.

அதற்குள் கரி பூசிய ஒரு பட்டையும், அதன்மேல் உரசி ஓடும் மெல்லிய தகடும் உண்டு. தகடு நகர நகர மின் அழுத்தம் கூடும், குறையும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் அதை நடுவுக்கு கொண்டு வந்துவிடும். பல லட்சம் தடவை உரசினால் கரி தேய்கிறது. தேய்ந்த தூளும் வெளித்தூசியும் நடுவில் சேர்கிறது. ஸ்பிரிங்கும் தளர்கிறது. அப்புறம், சும்மா இருந்தாலும் `விரல் தள்ளுகிறது' என்று கருவி நினைத்துக்கொள்கிறது.

7 மாதத்திலேயே வரலாம்

பிளே ஸ்டேஷன் 5 கன்ட்ரோலரை 2021-ம் ஆண்டு பிரித்துப் பார்த்த அமெரிக்காவின் ஐபிக்சிட் நிறுவனம், அதில் உள்ள ஸ்டிக் 20 லட்சம் சுற்றுக்கு கணக்கிடப்பட்டது என்றும், துப்பாக்கி சண்டை கேம் ஆடினால் 417 மணி நேரத்திலேயே அந்த கணக்கு தாண்டிவிடலாம் என்றும் கூறியது. தினமும் 2 மணி நேரம் ஆடினால் சுமார் 7 மாதம்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட `சுவிட்ச்' கருவியிலும் இதே புகார் கிளம்பியது. அமெரிக்காவில் 2019-ல் வழக்கு போடப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் புருகாவா 2020-ல் வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்தார். ஆக, இது பையனின் முரட்டு கையால் மட்டும் வருகிற கோளாறு அல்ல.

முதலில் வீட்டிலேயே...

வாரண்டி இருந்தால் திருப்புளியை தொடவே கூடாது. பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போக வேண்டும். வாரண்டி முடிந்திருந்தால் இந்த வரிசையில் செய்து பார்க்கலாம்.

1. கேம் செட்டிங்கில் `டெட் ஜோன்' என்று இருக்கும். அதை கொஞ்சம் கூட்டினால் சின்ன அசைவுகளை கேம் கண்டுகொள்ளாது. கோளாறு போகாது, ஆனால் செலவில்லாமல் சமாளிக்கலாம்.

2. பிளே ஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலர்களின் பின்னால் சிறு ஓட்டை உண்டு. கருவியை ஆப் செய்துவிட்டு, அதில் ஊசியால் 5 வினாடி அழுத்தினால் `ரீசெட்' ஆகும்.

3. கன்ட்ரோலரை ஆப் செய்து, ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து அடியில் காற்று அடிக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

4. பிறகு 99 சதவீத `ஐசோபுரோபைல் ஆல்கஹால்' 2 சொட்டு விட்டு, ஸ்டிக்கை பலமுறை சுற்ற வேண்டும். நன்றாக காய்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். பெட்ரோல், தின்னர் பிளாஸ்டிக்கை கெடுக்கும். தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி இன்னும் ஒட்டும்.

தூசியால் வந்தது என்றால் இதிலேயே சரியாகிவிடும். சில நாளில் மறுபடி வந்தால், கரிப்பட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பார்ட்ஸ் மாற்றித்தான் ஆக வேண்டும்.

14 இடத்தில் பற்றவைப்பு

பிளே ஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் ஸ்டிக் பெட்டி சாதாரணமாக 14 இடங்களில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டு இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் இழுத்தால் போர்டே பிய்ந்துவிடும். ரேடியோ, டி.வி., செல்போன் ரிப்பேர் செய்யும் மெக்கானிக்குக்கு இது புது வேலை அல்ல. ஒரே பக்கம் இழுக்கிறது என்றால், அந்த பக்கத்து பொட்டன்ஷியோ மீட்டரின் 3 கால்களை மட்டும் கழற்றி மாற்றினாலும் போதும். சுவிட்ச் கருவியின் `ஜாய்கான்' கன்ட்ரோலரில் பற்றவைப்பே கிடையாது. ஸ்குரூவை கழற்றி, ரிப்பன் ஒயரை உருவி மாற்றிவிடலாம்.

யார் பிரித்தாலும் முதலில் பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் திருப்புளி குத்தினால் தீப்பிடிக்கும்.

காந்த ஸ்டிக்

சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் பார்ட்ஸ் வாங்கும்போது, `ஹால் எபெக்ட்' ஸ்டிக் இருக்கிறதா என்று கேட்கலாம். இதில் காந்தம் அசைவதை சென்சார் தொடாமலே பார்க்கும். உரசல் இல்லாததால் கரித் தேய்மானமும் இல்லை. செகா நிறுவனம் 1998-ல் விட்ட `டிரீம்காஸ்ட்' கன்ட்ரோலரிலேயே இந்த முறை இருந்தது. விலை கொஞ்சம் கூடுதல். மாட்டிய பிறகு நடுப்புள்ளியை சரி செய்யும் `காலிபரேஷன்' தேவைப்படும். அது தெரிந்த மெக்கானிக்கா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடையை விட்டு கிளம்பும் முன் கன்ட்ரோலரை கம்ப்யூட்டரில் இணைத்து, ஸ்டிக்கை தொடாமல் 5 நிமிடம் பார்க்க வேண்டும். திரையில் புள்ளி நடுவிலேயே நின்றால் காசு கொடுக்கலாம். நகர்ந்தால் வேலை இன்னும் முடியவில்லை.