சதுப்பு மலையில் ஒரு சரித்திரம்

மூவாயிரம் அடி ஒரு பெரிய உயரமா என்று கேட்கத் தோன்றும். அயர்லாந்தின் விக்லோ மலைத்தொடரில் உள்ள லக்னாகுவில்லா சிகரத்தின் உயரம் 3,035 அடிதான். ஆனால் ஏறி இறங்கியவர்கள் அதை இலேசாகப் பேசுவதில்லை.

காரணம், காலடி மண். அட்லாண்டிக் காற்று ஆண்டு முழுவதும் மழையைக் கொண்டு வருகிறது. பாசியும் புல்லும் முழுதும் மக்காமல் படிந்து, பஞ்சு போல் நீரைப் பிடித்து வைக்கும் கரிய சதுப்பாகிவிட்டன. பசும்புல் என்று நம்பிக் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். நனைந்த உடையில் காற்றும் அடித்தால் கோடையிலும் உடல் விறைத்துப் போகும்.

இந்த மலைகள்தாம் ஒரு காலத்தில் ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு அடைக்கலம். மது விற்கும் கப்பல் என்று ஏமாற்றி 1587-ல் சிறைபிடிக்கப்பட்டவர் செம்முடி ஹியூ ஓடோனல் என்ற குறுநில இளவரசர். 1592 ஜனவரியில் அவரும் ஆர்ட் ஓநீலும் டப்ளின் கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். லக்னாகுவில்லாவின் அடியிலுள்ள கிளென்மலூர் பள்ளத்தாக்கை அடைந்தால் பிழைக்கலாம். அங்கே பியாக் மக்ஹியூ ஓபர்ன் இருந்தார். 1580-ல் அதே பள்ளத்தாக்கில் ஆங்கிலப் படையை முறியடித்த தலைவர் அவர்.

மலையில் கடும் பனி. நீண்ட சிறைவாசத்தால் தளர்ந்த ஆர்ட்டால் நடக்க முடியவில்லை. இருவரும் ஒரு பாறையடியில் ஒதுங்க, துணைக்கு வந்தவர் உதவி தேடி ஓடினார். ஓபர்னின் ஆட்கள் வந்தபோது இருவரையும் பனி மூடியிருந்தது. ஆர்ட் மாண்டார். ஹியூ பிழைத்தார், ஆனால் குளிரில் கருகிய இரு கால் பெருவிரல்களையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

1798 புரட்சிக்குப் பின் மைக்கேல் டுவையர் இதே மலைகளில் ஐந்தாண்டு பிடிபடாமல் இருந்தார். அத்தகையவர்களை ஒடுக்க 1800 முதல் 1809 வரை அரசு ஒரு ராணுவச் சாலை அமைத்தது. அதே சாலையில்தான் இன்று மலையேறுவோர் காரில் வந்து இறங்குகிறார்கள்.

உச்சி மேசை போல் தட்டையானது. அதன் இருபுறமும் வடசிறை, தென்சிறை எனப்படும் செங்குத்துப் பள்ளங்கள். மூடுபனி இறங்கினால் விளிம்பு தெரியாது. மேற்குச் சரிவில் ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக் களம். குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. வரைபடமும் திசைகாட்டியும் கையில் வேண்டும். வானம் கறுத்தால் பாதி வழியிலேயே திரும்பிவிட வேண்டும்.

ஆர்ட் ஓநீலுக்குத் திரும்பிப் போக வழியில்லை. இன்று ஏறுகிறவருக்கு இருக்கிறது.