கிணற்றுக் கம்ப்ரசரைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களின் மேட்டாங்காடுகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை மேலேற்றுவதற்குக் காற்றழுத்த இயந்திரம் வெகுவாகக் கையாளப்பட்டு வருகின்றது. குடியானவர்கள் இதனைக் கம்ப்ரசர் என்றே வழங்குவர். 1932ம் வருஷத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியபின் அப்பிரதேசத்தில் மின்சாரப் பம்புகள் பரவிக் கவலை ஏற்றங்கள் படிப்படியாக மறைந்தன. திறந்த கிணறுகள் வற்றி ஆழ்குழாய்கள் தோண்டப்பட்ட பிற்காலத்தில் கம்ப்ரசர் வந்து சேர்ந்தது. பத்துப் பதினைந்து வருஷம் உழைத்துத் தேய்ந்த இயந்திரங்கள் இன்று பல தோட்டங்களில் உள. கோடையில் நீர் குறைந்தவுடன் அவற்றின் மீது பழி விழுவது வழக்கம். அப்பழி நியாயமானதா என்று விசாரித்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

பல்லடம் தாலுக்காவில் அண்ணனும் தம்பியும் கூட்டாக வைத்திருந்த ஒரு தென்னந்தோட்டத்தில் நிகழ்ந்ததைக் கூறினால் விஷயம் விளங்கும். இரண்டு கோடைகளாக நீர் குன்றியது. முதல் கோடையில் பிஸ்டன் வளையங்கள் மாற்றப்பட்டன. இரண்டாவது கோடையில் வால்வுகளும் பேரிங்குகளும் மாற்றப்பட்டன. நீர் பெருகவில்லை. இந்தப் பழைய இரும்புக்கு இனி ஒரு காசும் கொடேன், புதிது வாங்க வேண்டும் என்றார் தம்பி. இவ்வளவு செலவு செய்த பின் அதனைத் தள்ளுவது எவ்வாறு என்றார் அண்ணன். கடன் யார் பேரில் வாங்குவது என்பதில் பேச்சு முற்றி, பாகப்பிரிவினை வரையில் வந்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் முன் இருவரும் நின்றபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே: முன்னே எவ்வளவு நீர் வந்தது, இப்பொழுது எவ்வளவு வருகின்றது? இருவருக்கும் விடை தெரியவில்லை.

நீரை அளப்பதற்குப் பெரிய சாதனம் வேண்டுவதில்லை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். பீப்பாய் நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்பதை மாதத்திற்கு ஒருமுறை குறித்துவைத்தல் நன்று. ஆயினும் நீர் குறைந்தது என்பதை மட்டுமே பீப்பாய் சொல்லும்; ஏன் குறைந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு அழுத்தமானியைப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரசர் நீரை இழுப்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. அது காற்றை ஒரு சிறு குழாய் வழியே ஆழத்திற்கு அனுப்புகின்றது. அங்கே காற்றுக் குமிழிகள் கலந்த நீர் கனம் குறைந்து, சுற்றிலும் நிற்கும் கனத்த நீரால் நெருக்கப்பட்டு நீர்க்குழாயில் மேலே எழுகின்றது. ஆகையால் காற்றுக் குழாயின் அடிவாய்க்கு மேல் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த கிணற்றில் காலையில் இயந்திரத்தை ஓட்டினால் அழுத்தமானியின் முள் மெல்ல ஏறி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, நீர் வெளிவரத் தொடங்கியதும் சற்று இறங்கி நிற்கும். அந்த உச்சம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் அடிவாய்க்கு மேல் ஏறத்தாழ 33 அடி நீர் நிற்கின்றது என்று கொள்க. ஓடும்போது காட்டும் அழுத்தமும் இவ்வாறே. குழாயில் காற்று உராய்வதால் உண்மையைவிடச் சிறிது கூடுதலாக இருக்கும்.

மேற்படி தோட்டத்தில் காற்றுக் குழாய் 400 அடியில் இருந்தது. அதனை இறக்கிய காலத்தில் உச்சம் 6 கிலோ என்று மிஸ்திரி சுவரில் கரியால் எழுதியிருந்தார். அதாவது நீர் 200 அடியில் நின்றது. இப்பொழுது பார்த்தபோது உச்சம் 3 கிலோ. ஓடும்போது 2 கிலோ. 400 அடிக் குழாயில் 66 அடியே நீரில் மூழ்கியிருந்தது. பாதிக்கு மேல் மூழ்கியிருந்தால் இம்முறை நன்கு வேலை செய்யும். மூன்றிலொரு பங்குக்கும் குறைந்தால் காற்று பெரும்பாலும் வீணே வெளியேறி, நீர் விட்டுவிட்டுத் துப்பும். இக்கிணற்றில் ஆறிலொரு பங்கே மூழ்கியிருந்தது. இந்நிலையில் புது இயந்திரம் வைத்தாலும் துப்பத்தான் செய்யும். கிணறு 600 அடி ஆழம் உடையதாகையால் குழாயை 520 அடிக்கு இறக்கினார்கள். தொடக்க அழுத்தம் ஏறத்தாழ 7 கிலோ தேவைப்பட்டது. பழைய இயந்திரமே, புதிய வளையங்களின் பலத்தால், அதனைத் தாங்கியது. நீர் பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் மரங்கள் கோடையைக் கடந்தன. பாகப்பிரிவினைப் பேச்சும் அத்துடன் நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. காற்றுக் குழாய் நடுவில் துருவேறித் துளைபட்டிருந்தாலும் உச்சம் இவ்வாறே குறைந்து காட்டும். காற்று அத்துளை வழியே முன்னதாகவே தப்பிவிடுகின்றது. எனவே கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்ட பின்னரே முடிவு கட்டுக. மானியும் பழையதாயின் வேறொன்றை மாட்டி ஒத்துப்பார்க்க வேண்டும்.

உச்சம் முன்போலவே இருந்து, அதனை எட்ட நெடுநேரம் பிடித்து, நீரும் மெலிந்திருந்தால் குற்றம் இயந்திரத்தினுடையதே. அப்பொழுதும் முழு இயந்திரத்தையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. காற்று உட்புகும் வடிகட்டியருகே கையை வைத்துப் பார்த்தால், உள்வால்வு கெட்டிருக்கும்போது காற்று திரும்பி ஊதுவது தெரியும். இரண்டு கட்டமாக அழுத்தும் இயந்திரத்தில் நடுக் குளிர்குழாயின் பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறந்துகொண்டால் இரண்டாவது கட்டத்து வால்வு ஒழுகுகின்றது. எண்ணெய்த் தொட்டியின் மூச்சுத்துளையிலிருந்து காற்று பலமாக ஊதினாலும், வாய்க்கால் நீரில் எண்ணெய் மினுமினுத்தாலும் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அந்நீரை மாடுகளுக்குக் காட்டலாகாது. வால்வுத் தகடுகளும் வளையங்களும் அற்பச் செலவில் முடிவன. இவற்றிற்காக இயந்திரத்தைத் தள்ளுவது விவேகமன்று.

சிலிண்டர் தேய்ந்து, கிராங்குத் தண்டும் தட்டும் ஓசை எழுப்பினால் நின்று யோசிக்க வேண்டும். சிலிண்டரைக் கடைந்து, தண்டைச் சாணை பிடித்து, அளவுக்கேற்ற புதிய பிஸ்டன் போடுவது கோயமுத்தூர்ப் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கும் வேலை. எனினும் செலவு புதிய இயந்திரத்தின் கிரயத்தில் பாதியைத் தாண்டுமாயின் நாம் புதிதையே சொல்வோம். பாதிக்குள் அடங்கினாலும், அந்த மாதிரிக்கு உதிரிபாகம் இனி கிடைக்குமா என்று முதலில் கேட்டறிய வேண்டும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது: பழைய இயந்திரத்தின் கிரயம் என்றோ செலவழிந்து போயிற்று. போன கோடையில் போட்ட பணத்தை எண்ணி இந்தக் கோடையில் பணம் போடுவதே பலரும் செய்யும் பிழை.

காற்றுத் தொட்டி உள்ள இயந்திரமாயின், தொட்டியைப் பற்றி இவ்வளவு தாராளமாகப் பேசுவதற்கில்லை. காற்றில் கலந்த ஈரம் தொட்டியடியில் தேங்கி, உள்ளிருந்தே இரும்பைத் தின்கின்றது. வெளியே பூசிய வர்ணம் இதனைக் காட்டாது. அடியில் ஊசித்துளை கண்டவுடன் ஒட்டுவைத்துப் பற்றவைக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. இது உயிருக்கு ஆபத்து. துளை விழுந்த இடத்தைச் சுற்றிலும் தகடு காகிதம்போல் மெலிந்திருக்கும். ஏழு கிலோ அழுத்தத்தில் அது ஒழுகுவதில்லை, வெடிக்கின்றது. பழைய தொட்டியைச் சோதிக்க வேண்டுமானால் காற்றெல்லாம் நீங்க நீர் நிரப்பி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு வரை ஏற்றி, தெரிந்தவரைக் கொண்டு பார்க்க வேண்டும். நீர் அழுத்தத்தால் சுருங்காதாகையால் தகடு கிழிந்தாலும் சிதறாது. காற்றைக்கொண்டு இச்சோதனையைச் செய்வது பேராபத்து. தொட்டி தேறவில்லையெனில் தொட்டியை மட்டும் மாற்றலாம். இயந்திரம் நன்றாயிருந்தால் அதுவே சிக்கனம்.

கம்ப்ரசரை ஒழித்து நீர்மூழ்கி மோட்டார் இறக்கிவிடலாமே என்று கேட்பாருளர். ஒரே அளவு மின்சாரத்திற்கு நீர்மூழ்கி மோட்டார் கூடுதல் நீர் தரும் என்பதில் ஐயமில்லை. 1990ம் வருஷம் முதல் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாகையால் இந்த வித்தியாசம் பணப்பையில் தெரிவதில்லை. ஆனால் மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வரும் ஊரில், பணமாக இழக்காததை நீராக இழக்கின்றோம். ஊற்று நல்லதாயும் குழாய் நேராயும் இருந்து, மணல் வராத கிணறாயின், தேய்ந்த கம்ப்ரசரை மாற்றும் சமயத்தில் நீர்மூழ்கி மோட்டாருக்குப் போவதே நலம். அங்ஙனமன்றி, அரைமணி நேரத்தில் வற்றி மீண்டும் ஊறும் கிணற்றில், நீரின்றி ஓடி மோட்டார் கருகும். தடுக்கும் சாதனம் மாட்டாமல் இறக்கவே கூடாது. மணல் கக்கும் கிணற்றிலும், குறுகிய பழைய குழாயிலும், ஓர் இயந்திரத்தால் இரண்டு மூன்று கிணறுகளை மாற்றி மாற்றி இறைக்கும் தோட்டத்திலும் கம்ப்ரசருக்கு ஈடில்லை. அதன் அசையும் உறுப்புகளெல்லாம் தரைமேல் இருக்கின்றன. உள்ளூர் மிஸ்திரியே பிரித்துப் பார்க்கலாம்.

எதை வாங்கினும் குதிரைத்திறன் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்படுமாயின் மின்சார அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பெறுக. வியாபாரி காட்டும் பட்டியலில் பிஸ்டன் இடம்பெயர்க்கும் காற்றின் அளவு ஒன்று, உண்மையில் வெளிவரும் காற்றின் அளவு மற்றொன்று. முன்னது எப்பொழுதும் பெரிதாயிருக்கும். பின்னதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். புதிய இயந்திரம் ஓடிய முதல் நாளே உச்ச அழுத்தம், அதை எட்டிய நேரம், பீப்பாய் நிரம்பிய நிமிஷம் மூன்றையும் மோட்டார் அறைச் சுவரில் தேதியுடன் எழுதிவைத்தல் வேண்டும்.

கழித்த காற்றுத் தொட்டியைப் பழைய இரும்புக்குப் போடும்முன் அதில் கையளவு துளையொன்று வெட்டிவிடுக. அவ்வாறு செய்யாவிடில் வர்ணம் பூசப்பட்டு, ஏதேனும் ஒரு சக்கரப் பஞ்சர் கடையில் மீண்டும் காற்று நிரப்பப்படும்.