விடுப்பில் போன காலத்தைப் பென்ஷனில் சேர்க்க முடியுமா?

கனடாவில் மத்திய அரசு ஊழியர் சம்பளமில்லா விடுப்பில் போனால், அந்தக் காலத்துக்கான சந்தாவைப் பிறகு கட்டி ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. டொராண்டோவில் உறவினர் உள்ள வில்பட்டி ஆசிரியர் ஒருவர் ‘நமக்கும் அப்படி உண்டா?’ என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில். இங்கே பணம் கட்டிச் சேர்க்க முடியாது. பார்க்க வேண்டியது விடுப்பு எந்தக் காரணத்துக்காக, எந்தச் சான்றின் பேரில் அனுமதிக்கப்பட்டது என்பதை.

2003 ஏப்ரல் 1-க்கு முன் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவருக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 பொருந்தும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பு முழுவதும் பணிக்காலமாகும். 2021 ஜூலை முதல் ஓராண்டாகிவிட்ட மகப்பேறு விடுப்பும் இதில் அடங்கும். சம்பளமில்லாமல் எடுத்தால், மருத்துவச் சான்று இருந்தால் சேரும். சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்திருந்தால் பொதுவாகக் கழித்துவிடுவார்கள்.

கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டு பணி இருந்தால் அதில் பாதி, 30,000 பென்ஷன். இரண்டு ஆண்டு கழிந்தால் 28,000. அகவிலைப்படியும் அதற்கேற்பக் குறையும். ஆகவே மருத்துவச் சான்று பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்ப்பது நல்லது. ஓய்வுபெறும் மாதத்தில் பழைய சான்றைத் தேடி அலைவது வீண் வேலை.

மத்திய அரசு ஊழியருக்கு 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. விடுப்பு முடிந்து 30 நாளுக்குள் கேட்டால், அப்போது கணக்கில் இருந்த வேறு வகை விடுப்பாக மாற்றித் தரலாம். உரிமையாகக் கேட்க முடியாது. பணம் கட்டிச் சேர்ப்பதற்கு மிக நெருக்கமானது அயற்பணிதான்: வேறு நிறுவனத்துக்குப் போகிறவருக்காக ஓய்வூதியப் பங்கைச் செலுத்தினால் அந்தக் காலம் சேரும்.

கொடைக்கானல் விடுதிகளில் பி.எஃப். பிடித்தத்தோடு வேலை செய்பவர்களின் கணக்கு வேறு. 15,000 ரூபாய் உச்சவரம்புச் சம்பளத்தை 70-ஆல் வகுத்தால் ஓராண்டுப் பணிக்கு மாதம் சுமார் 214 ரூபாய் பென்ஷன். சீசன் இல்லாத மாதங்களில் சம்பளமில்லாமல் நின்ற நாட்கள் பங்களிப்பில்லா நாட்களாகப் பதிவாகும். பிறகு கட்டிச் சேர்க்க வழியில்லை. பதிவு தவறென்றால் நிறுவனத்திடம் சொல்லித் திருத்தலாம், அதற்குச் சம்பளச் சீட்டுகள் கையில் இருக்க வேண்டும். கேரட் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவருக்கோ, கழிப்பதற்கே பணிக்காலக் கணக்கு இல்லை.