மறைவிடத்தில் ஒரு பரு

பிறப்புறுப்பில் புதிதாக ஒரு பரு தட்டுப்பட்டால், கண்டி நகரத்திலும் சரி, கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களிலும் சரி, பலரும் முதலில் அதை மறைக்கத்தான் பார்க்கிறார்கள். அடுத்தது கைவைத்தியம். மயிரால் இறுக்கிக் கட்டுவதும் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்குமே தவிர, நோயைத் தீர்க்காது.

அது நோயாகவே இல்லாமலும் இருக்கலாம். ஆண்குறியின் மொட்டைச் சுற்றி ஒன்றிரண்டு வரிசையாக, ஒரே அளவில், 1 முதல் 3 மில்லிமீற்றருக்குள் வழவழப்பாக நிற்கும் குருணைகள் பருவ வயதுக்குப் பின் பல ஆண்களுக்கு இயல்பாக வருபவை. வெளிர் மஞ்சளாகத் தெரியும் சிறு புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். அவை வாயுதட்டிலும் உண்டு. பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உள்ளுதட்டில் இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும் மென்மையான முளைகளும் இப்படித்தான். இவை எவருக்கும் தொற்றாது, மருந்தும் வேண்டாம்.

மரு வேறு. மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும், ஒன்று பலவாகும், விட்டுவிட்டால் சிலருக்குக் கோலிஃபிளவர் போலக் கொத்தாகவும் வளரும். காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இந்த மருக்களில் பத்தில் ஒன்பதை உண்டாக்குபவை அதன் 6ஆம், 11ஆம் வகைகள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமானவை 16ஆம், 18ஆம் வகைகள். ஆகவே மரு கண்டதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உடலுறவில் தோலோடு தோல் பட்டுத் தொற்றும் இந்த வைரஸ் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அடையாளம் காட்டாமல் கிடக்கும். இன்று மரு வந்ததை வைத்து நேற்றுத் துரோகம் நடந்தது என்று எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இது தெரியாமல் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றவாளியாக்குவது பெருங்கொடுமை.

ஆனாலும் ஆறப்போடக் கூடாது. சிபிலிஸ் என்ற பாலியல் நோயின் இரண்டாம் கட்டத்தில் தட்டையான, ஈரமான தடிப்புகள் வரும். பார்த்தால் மரு என்றே தோன்றும். அதை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும், பென்சிலின் ஊசி குணமாக்கும். கவனிக்காமல் விட்டால் கர்ப்பிணியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

கண்டி தேசிய வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் காக்கப்படும். மருவைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்தோ மருந்து பூசியோ அகற்றுவார்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சில பூச்சு மருந்துகள் ஆகாது. மரு போனாலும் வைரஸ் தங்கியிருக்கலாம், திரும்பவும் முளைக்கலாம். மனம் தளராமல் மறுபடி போக வேண்டும்.

அவுஸ்திரேலியா 2007இல் மேற்சொன்ன நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசியை மாணவிகளுக்குப் போடத் தொடங்கியது. 2011க்குள் அங்குள்ள பாலியல் நல நிலையங்களுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களிடம் மரு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இலங்கையில் 2017இல் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஆரம்பமானது. பாடசாலையிலிருந்து சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால், பெற்றோரே, தயங்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.