மூடிய பானைக்குள் நடப்பது என்ன?

ஒரே தானியத்தை நாம் நெல் என்றும், அரிசி என்றும், சோறு என்றும் நிலைக்கேற்ப மூன்று பெயர்களால் வழங்குகிறோம். ஜப்பானியரும் அவ்வாறே வழங்குகின்றனர். வயலில் நிற்கும் பயிர் ‘இனே’. தீட்டி எடுத்தது ‘கொமே’. வெந்து கிண்ணத்தில் இடப்பட்டது ‘கோஹன்’. கோஹன் என்னும் சொல்லுக்குச் சோறு என்பதோடு உணவு என்ற பொருளும் உண்டு. அத்துணை மதிப்பு அவர்களிடையே சோற்றுக்கு உண்டு.

அச்சோற்றை அவர்கள் ஆக்கும் முறையையும், அதன் ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு எடுத்துக்கூற விரும்புகிறேன். அடுக்களைச் செய்திதானே என்று ஒதுக்கிவிட வேண்டா. பௌதிகமும் ரசாயனமும் நாள்தோறும் கைகோத்து நடக்கும் இடம் அது.

முதலில் அரிசியைப் பற்றி அறிவோம். இந்தியாவில் பெரிதும் விளைவது இண்டிகா வகை. ஜப்பானில் விளைவது ஜப்போனிகா வகை. பின்னதன் மணி குட்டையாகவும் உருண்டையாகவும் இருக்கும். அரிசியிலுள்ள மாவுச்சத்தில் இரு பகுதிகள் உண்டு. நூலிழை போல நீண்டு கிடப்பது அமைலோஸ். மரக்கிளை போலப் பிரிந்து படர்வது அமைலோபெக்டின். அமைலோஸ் மிகுந்தால் சோறு உதிரியாகும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். இண்டிகா நெல்கள் பலவற்றில் அமைலோஸ் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் இருக்கிறது. ஜப்பானிய அரிசியிலோ பொதுவாக 20 பங்குக்குக் குறைவு. அதனால்தான் அச்சோற்றை இரு குச்சிகளால் எளிதில் எடுத்து உண்ண முடிகிறது.

நம் வீடுகளில் நிறைய நீர் வைத்து, வெந்தபின் கஞ்சியை வடிப்பது பழைய வழக்கம். ஜப்பானிய முறையில் வடித்தல் இல்லை. வைத்த நீர் முழுவதையும் அரிசியே பருக வேண்டும். அரிசி வேகும் நேரமும் நீர் வற்றும் நேரமும் ஒன்றாக வேண்டும். ஆகவே எல்லாம் அளவில் அடங்கியிருக்கிறது. ‘கோ’ என்பது அவர்களுடைய அரிசி அளவு. ஒரு கோ 180 மில்லி லிட்டர் கொள்ளும். அரிசியின் எடையில் 150 கிராம். இரண்டு கோ, அதாவது 300 கிராம், எடுத்துக்கொள்வோம்.

கழுவுதலுக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘தோகு’. கத்தியைத் தீட்டுவதற்கும் அதே சொல்தான். அரிசி மணிகளை ஒன்றோடொன்று உரசவிட்டுக் கழுவுதல் என்பது கருத்து. உலர்ந்த அரிசி முதல் நீரை விரைந்து உறிஞ்சும். அந்நீரில் தவிட்டின் வாடை கலந்திருப்பதால், அதை உடனே கொட்டிவிட வேண்டும். பின்னர் இரண்டு மூன்று முறை மென்மையாகக் கழுவினால் போதும். அழுத்திப் பிசைந்தால் மணி உடையும்; சோறு கூழாகும்.

நீரை நன்கு வடித்துவிட்டு, அரிசியின் கொள்ளளவைப் போல் 1.2 மடங்கு, அதாவது சுமார் 430 மில்லி லிட்டர் நீர் சேர்த்து ஊறவிடுக. கோடையில் அரை மணியும், குளிர்காலத்தில் ஒரு மணியும் ஊற வேண்டும். அரிசி தன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு நீரை உட்கொள்ளும். ஊறாத அரிசியை அடுப்பேற்றினால் புறம் குழைந்து உள்ளே நொய்த்தன்மை நின்றுவிடும். வெந்த மேற்பகுதி நீரை உள்ளே புகவிடாமல் தடுப்பதே காரணம்.

இனி அடுப்பு. கனமான பானையும் இறுகப் பொருந்தும் மூடியும் வேண்டும். சுமார் பத்து நிமிடத்தில் கொதி வருமாறு தீயை வைத்து, கொதித்தபின் தணித்து மேலும் பத்து நிமிடம் விடுக. பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறவாமல் 10 முதல் 15 நிமிடம் புழுங்கவிடுக. குழந்தை அழுதாலும் மூடியை எடுக்கலாகாது என்ற கருத்துடைய பழமொழி ஜப்பானில் உண்டு. அது வெறும் கண்டிப்பன்று. மாவுச்சத்து நன்றாக வேக, ஏறத்தாழ 98 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் 20 நிமிடம் நிலைக்க வேண்டும். மூடியைத் திறந்தால் ஆவி வெளியேறி வெப்பம் தாழும். கணக்கிட்டு வைத்த நீரும் குறையும். புழுங்கும் நேரத்தில், மணிகளின் புறத்தே எஞ்சிய ஈரம் உள்ளே பரவுகிறது. அதன்பின் ஈர மரக்கரண்டியால் அடியிலிருந்து மெல்லப் புரட்டினால் மிகுதி ஆவி நீங்கும்.

அச்சோற்றைத் தராசில் இட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 670 கிராம் இருக்கும். அரிசியும் நீரும் சேர்ந்து 730 கிராம் அல்லவா? குறைந்த 60 கிராம் ஆவியாகப் போயிற்று.

தராசும் வெப்பமானியும் இன்றியே இதனைச் செய்து வந்தவர்கள் ஜப்பானியப் பெண்கள். ‘கமாடோ’ என்னும் மண் அடுப்பில் விறகிட்டு, விடியுமுன் எழுந்து, புகையில் அமர்ந்து, பானையின் ஓசையையும் ஆவியையும் மணத்தையும் கொண்டு உள்ளே நடப்பதை உணர்ந்தனர். அவர்கள் அடுப்பைவிட்டு அகல வழியில்லை.

அந்தக் கட்டு 1955-ஆம் ஆண்டில் தளர்ந்தது. டோக்கியோவில் சிறிய தொழிற்கூடம் நடத்திவந்த யோஷிதாதா மினாமியும், அவருடைய மனைவி ஃபுமிகோ அம்மையாரும் உழைத்து உருவாக்கிய தானியங்கி மின்சோற்றுப்பானையை அவ்வாண்டு டிசம்பரில் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்மையார் எண்ணற்ற முறை சோறாக்கி, வெப்பத்தையும் நேரத்தையும் குறித்து வந்தார். அவர்கள் கண்ட உத்தி மிக எளியது. உட்பானையில் அரிசியும் நீரும். வெளிப்பானையில் 20 நிமிடத்தில் வற்றக்கூடிய சிறிதளவு நீர். அந்நீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. வற்றியதும் சட்டென ஏறும். உடனே, இரு உலோகங்களை இணைத்துச் செய்த தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்.

பல தலைமுறைப் பெண்கள் கைப்பழக்கத்தில் வைத்திருந்த அறிவை, ஒரு பெண்மணி எண்ணாக மாற்றினார்; அவ்வெண்ணே கருவியாயிற்று. உங்கள் வீட்டில் அன்னையும் பாட்டியும் ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று சொல்லும் முறைகள் எத்தனையோ உண்டு. அவற்றை அருகிருந்து கவனியுங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள், காரணம் தேடுங்கள். சோதனைச்சாலைக்குச் செல்லுமுன் நீங்கள் கற்கத்தக்க முதல் பாடம் அங்கேயே காத்திருக்கிறது.